பக்கவாட்டில் பார்த்த ஊர்

டெய்லர் அக்காவுக்கு ஊர் முழுவதும் தெரியும். ஆனால் பக்கவாட்டில்தான் தெரியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் மாஸ்டரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு போய் வந்தவள். முன்னால் பார்த்தால் மாஸ்டரின் முதுகு. அந்த முதுகில் அவளே போட்ட தையல். அதனால் அவள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போவாள். கதவுகள், சுவர்கள், துணி காயும் மாடிகள், கடைக்குள் கணக்குப் போடும் ஆட்கள். எதுவும் நேர் எதிரே வந்து நிற்காமல் அவளுக்குத் தெரிய வராது. தெரிந்த மாத்திரத்தில் கடந்தும் போய்விடும். பாலம் வரப்போகிறது என்று அவளுக்கு ஒருநாளும் முன்கூட்டித் தெரிந்ததில்லை. திடீரென்று காலுக்குக் கீழே தண்ணீர் மினுங்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொல்வாள். "பாலத்துக்கு முன்னாடி ஒரு மாடியில புறா வளக்குறாங்கல்ல, இன்னிக்குக் கூட்டுல வெள்ளையா ரெண்டு புதுசா இருக்கு."

"எந்தப் புறா?" என்பார் மாஸ்டர்.

"அதான், பச்சைக் கம்பி போட்ட மாடி."

"அந்த ரோட்டுல நான் எத்தன வருசமா வண்டி ஓட்டுறேன். புறாவும் கிடையாது, மாடியும் கிடையாது. பின்னாடி உக்காந்து தூங்கியிருப்ப."

எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் நிற்க ஒரு தகரக் கொட்டகை. டெய்லர் அக்காவின் வீட்டு முன்னறைதான் தையல் கடை. அவள் தைப்பாள், மாஸ்டர் வெட்டுவார். மாஸ்டர் என்பது அவருடைய தொழிலுக்குக் கிடைத்த பெயர், கட்டிங் மாஸ்டர். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும்: அளவு நாடா, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி, ஒரு லைட்டர். அவருக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. நைலான் நாடாவை வெட்டினால் முனை பிரியுமே, அதை லேசாகச் சுட்டு மூடுவதற்குத்தான் லைட்டர். பேசிக்கொண்டே இருப்பார், கை தானாகப் பைக்குள் போகும், டிக் என்று ஒரு சத்தம், முனை மூடிவிடும். வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரே நெருப்பு அது. ஒருமுறை மெழுகுவத்தி சாய்ந்து ஒரு பாவாடையின் இடுப்புப்பட்டியைத் தின்றதிலிருந்து மெழுகுவத்திக்கு அந்த வீட்டில் இடமில்லை. சட்டம் போட்டவள் அக்கா.

மாஸ்டர் பல்பு மாட்ட ஸ்டூல் மேல் ஏறி, ஸ்டூல் ஒருபக்கமும் தான் ஒருபக்கமுமாக இறங்கியதில் கால் எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அக்கா வண்டி பழக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடச் சீருடைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க எப்போதும் வேன் கிடைக்காது என்பது எல்லோருக்கும் சொன்ன காரணம். தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் வேறொரு காரணமும் சொன்னாள்.

"ஒரு தடவையாச்சும் பாலம் வர்றதுக்கு முன்னாடியே பாலத்தப் பாக்கணும்."

முதல் தேர்வில் எட்டுப் போடும்போது காலை ஊன்றித் தோற்றுப்போனாள். ஆசைக்கு முன்பே எடுத்து வைத்திருந்த பழகுநர் சீட்டு முடியப்போகிறது. அடுத்த தேர்வு திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து, படிப்பது, எழுதுவது, வரிசையில் நிற்பது எல்லாம். பழகுவதற்காக மட்டும் தையலைத் தள்ளிப்போட அடுத்த பருவம் வரைக்கும் நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் வருவதற்கு முன்பே அக்கா வண்டியை வெளியே எடுத்தாள். கடைசி ஒத்திகை. கிக்கரை உதைத்து உதைத்து ஒருவழியாக எஞ்சின் இருமியது. ஹார்ன் பட்டனை அழுத்தினாள். சாக்குக்குள் கட்டிப்போட்ட பூனை மாதிரி ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. இண்டிகேட்டர் ஒருமுறை மங்கலாகக் கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டது.

"என்னங்க! வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மாஸ்டர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"மூஞ்சி சொல்லுது."

"நேத்து நீ வேன்ல பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தல்ல. அப்ப கரண்டு போயிடுச்சு. நீலத்துணி வெட்ட வேண்டியது அப்படியே கிடக்கு. நீலத்துல சாக்குக்கோடு செல்போன் வெளிச்சத்துல தெரியல. மெழுகுவத்தி வேற நீ வெக்க விட மாட்ட."

"அதனால?"

"வண்டி வாசலப் பாத்துத்தான நிக்குது. சாவியப் போட்டேன், ஹெட்லைட்டப் போட்டேன். ரூம் முழுக்கப் பகல் மாதிரி ஆயிடுச்சு. கோடு ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது."

"எஞ்சின் ஓடாமலா?"

"எஞ்சின் ஓடினா வண்டி அதிருமே. வெளிச்சம் ஆடினா வெட்டு கோணாதா?"

"நேத்து மட்டுமா?"

மாஸ்டர் ஊன்றுகோலின் நுனியைப் பார்த்தார். "இந்த வாரம் பூராவும் நீ வேன்ல போன சாயங்காலமெல்லாம் கரண்டு போச்சுல்ல."

அக்கா இடுப்பில் கைவைத்து வண்டியையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் அறைக்குள் போய், வெட்டி அடுக்கியிருந்த நீலத்துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வெட்டு என்னமோ சுத்தமாத்தான் இருக்கு," என்றாள். "வண்டியக் கொன்னு வெட்டினதுன்னாலும்."

அதற்குள் காம்பவுண்டே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். பக்கத்து வீட்டு வேன்காரர் பல்குச்சியோடு வந்து சொன்னார். "பேட்டரிதான் காலி, வேற ஒண்ணுமில்ல. கிக்கர் அடிச்சா ஓடுதுல்ல, அப்படியே போய்ப் பரீட்ச குடுத்துட்டு வந்துடுங்க."

"போன தடவ பிரேக் லைட்டு எரியலன்னு ஒரு ஆள வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு இன்ஸ்பெக்டர். ஹார்ன் அடி, கை காட்டு விளக்குப் போடு, இதெல்லாம் முடிஞ்சாத்தான் எட்டு," என்றாள் அக்கா.

"அப்ப புது பேட்டரி?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடை எது தொறந்திருக்கு?"

"வேற யார் வண்டியாச்சும் வாங்கிட்டுப் போயேன்."

"அடுத்தவங்க மெஷின்ல உக்காந்தா எனக்கு நேர்த் தையலே கோணும். எட்டு எங்க போடுறது?"

கடைசி வீட்டு மைக்செட்காரர், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்லும் பழக்கமுள்ளவர், "சார்ஜர் என்கிட்ட இருக்கு, சார்ஜர் என்கிட்ட இருக்கு" என்றார்.

"என்கிட்டயும் இருக்கு," என்றார் வேன்காரர் விட்டுக்கொடுக்காமல். "வேன் பேட்டரிக்குப் போடுறது. பெருசு. நீங்க சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள ஏறிடும்."

அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். தெரியாத துணியில் கத்தரி வைக்கிற ஆள் இல்லை அவள். "நான் தம்பியக் கேக்குறேன்," என்றாள்.

மாஸ்டர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மேகம் கொஞ்சம் இருந்தது.

அக்காவின் தம்பி பக்கத்து ஊரில் மெக்கானிக். அவனும் மாஸ்டரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கோட்டு. தம்பியின் கல்யாணத்துக்கு மாஸ்டர் கையால் வெட்டித் தைத்த கோட்டு, மாலை மாற்றக் கையைத் தூக்கிய நேரத்தில், நடுப்பட்டனைத் துப்பிவிட்டது. பட்டன் போய் போட்டோக்காரரின் மேல் விழுந்தது. அதற்கப்புறம் எடுத்த எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளை வயிற்றுவலி வந்தவன் போல ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பந்தியில் அவன், "இது எனக்குத் தெச்சதா, என் வண்டி சீட்டுக்குத் தெச்சதா?" என்று கேட்டான். "இவன் ரிப்பேர் பண்ணின வண்டி எல்லாம் மறுவாரமே திரும்பி வருது, அதுல ஒரு பட்டன் போனது பெருசா?" என்றார் மாஸ்டர். அன்றோடு சரி. பேச வேண்டியதெல்லாம் அக்கா வழியாகத்தான்.

அக்கா செல்போனை ஒலிபெருக்கியில் போட்டு வண்டியின் சீட்டில் வைத்தாள். தம்பி எல்லாவற்றையும் கேட்டான். நடுவில் ஒரே ஒரு முறை சிரித்தான்.

"ஹெட்லைட்டுல துணி வெட்டினாரா? அக்கா, அவர்கிட்ட கேளு, சைலன்சர்ல அயர்ன் பண்ணாரான்னு."

"நீ சொல்லு, இது பேட்டரிய எப்படி ஏத்துறதுன்னு கேக்குற நேரம்னு," என்றார் மாஸ்டர் அக்காவிடம்.

"நேரா பேசுறதுன்னா பேசுங்க, இல்லன்னா ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அக்கா. "டேய், சும்மா ஒரு மணி நேரம் ஓட்டினா ஏறாதா?"

"செத்துக் கிடக்குறது ஓட்டி ஏறாதுக்கா. ஓடுற பேட்டரிக்குத்தான் அது. இதக் கழட்டி வெளிய வெச்சு, மெதுவா ஏத்தணும். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். முதல்ல சாவிய எடுக்கச் சொல்லு."

"எடுத்தாச்சுன்னு சொல்லு," என்றார் மாஸ்டர்.

"எங்க வெச்சிருக்காருன்னு கேளு."

"சட்டைப்பையிலன்னு சொல்லு. நான் வெட்டின பை, எதுவும் வெளிய தெறிக்காதுன்னும் சொல்லு."

"அக்கா, இங்க யாரும் கோட்டப் பத்திப் பேசலன்னு சொல்லு."

"நானும் கோட்டப் பத்திப் பேசல. பையப் பத்திதான் பேசினேன்."

வேன்காரர் பல்குச்சியை வெளியே எடுத்துவிட்டுச் சிரித்தார். இனிமேல் வீட்டுக்குப் போய்க் குளிப்பதாக அவருக்கு எண்ணமில்லை என்பது தெரிந்தது.

"கவனி அக்கா. ஆசிட் இருக்குற சாமான் அது. கண்ணாடி போட்டுக்க. கையில ரப்பர் உறை எதுனா மாட்டிக்க. கண்ணுல தெறிச்சா கண்ணு போயிடும்."

"ம், ம்," என்றார்கள் இருவரும், பழைய செய்தி கேட்பது போல.

"துணியில பட்டா துணி ஓட்டையாயிடும். துவைச்சாலும் போகாது."

இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். மாஸ்டர் ஊன்றுகோலை நீட்டி அறைக்கதவைச் சாத்தினார். அக்கா உள்ளே ஓடி, பழைய ஜீன்ஸ் துணியில் ஏப்ரன் போலத் தைத்த முன்கட்டும், மாஸ்டரின் கண்ணாடியும், பாத்திரம் கழுவும் ரப்பர் உறையுமாக வந்தாள்.

பக்கமூடியைக் கழற்றினாள். உள்ளே பேட்டரி, தூசி மூடி, ஒரு சின்னச் செங்கல் போல உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு வயர் வரும். கழட்டும்போது மைனஸ் முதல்ல. கறுப்பு. அதுக்கப்புறம்தான் பிளஸ். மாத்திக் கழட்டினா ஸ்பானர் பாடியில பட்டுப் பொறி தட்டும்."

"ரெண்டு வயரும் அழுக்குல ஒரே கலரா இருக்குடா."

"பேட்டரி மேலயே குறி போட்டிருக்கும் பாரு. துடைச்சுப் பாரு."

அவள் துடைத்துப் பார்த்தாள். கூட்டல் குறி தெரிந்தது. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் சிவப்பு நைலான் நாடாவில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அவள் அதை பிளஸ் முனையில் போகும் வயரில் முடிச்சுப் போட்டாள். அந்த வீட்டில் அடையாளம் இல்லாத பொருள் எதுவும் கிடையாது. கறுப்பைக் கழற்றினாள், பிறகு சிவப்பை. பேட்டரியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் சாயாமல் தூக்கிக் கொட்டகையில் வைத்திருந்த மரப்பலகையில் வைத்தாள்.

"மேல என்ன எழுதியிருக்கு?"

"பன்னெண்டு வோல்ட். அப்புறம் அஞ்சு ஏ.எச்."

"அப்ப அதுல பத்துல ஒரு பங்கு. அரை ஆம்பியர். அதுக்கு மேல ஏத்தக் கூடாது."

வேன்காரர் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, என் சார்ஜர்ல போட்டா மத்தியானத்துக்குள்ள..."

"யாரு வேன்காரரா? வணக்கம்ணே. ஏறும்ணே. பேட்டரிக்குள்ள சார்ஜும் ஏறும், பேட்டரி கூரையிலயும் ஏறும். பச்சப்புள்ளைக்கு அண்டாவுல பால் ஊத்துற கதை அது."

வேன்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்ததில் தண்ணீர் வற்றித் தகடுகள் தலைகாட்டின. ஆசிட் ஊற்றலாமா, குழாய்த் தண்ணீர் போதுமா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தபோது, பெட்ரோல் பங்கிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் வாங்கி வந்தவர் அவர்தான். தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் இப்போது, சார்ஜ் ஏறிய பிறகு கோடு வரைக்கும் என்று தம்பி சொன்னதை, மைக்செட்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு முறை அறிவித்தார்.

அவருடைய சார்ஜரில் ஒரு திருகும் குமிழ் இருந்தது, சின்னது பெரியது என்று. சின்னதில் வைத்தார்கள். சிவப்புக் கவ்வி கூட்டல் குறிக்கு, கறுப்புக் கவ்வி கழித்தல் குறிக்கு. எல்லாம் மாட்டிய பிறகுதான் சுவிட்ச்.

"கழட்டும்போது முதல்ல சுவிட்ச அணைக்கணும். அப்புறம்தான் கவ்வியில கை வெக்கணும். மூடிய லேசாத் தளர்த்தி விடு, காத்து வெளிய போகட்டும். வீட்டுக்குள்ள கொண்டு போகாத. பக்கத்துல நெருப்பு கூடாது. அவ்வளவுதான். நான் மத்தியானம் கூப்பிடுறேன்."

சார்ஜரில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எல்லோரும் பேட்டரியைச் சுற்றி நின்று பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்க்க இவ்வளவு பேர் நின்றது அந்த முற்றத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

பகல் மெல்ல நகர்ந்தது. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. அக்கா கதவைத் திறந்துவைத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மாஸ்டர் நாற்காலியைக் கொட்டகைக்கு எதிரே போட்டு, மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, காவலுக்கு உட்கார்ந்தார். பூனை வந்தால் ஊன்றுகோலால் விரட்டினார். மடியில் நாடாக்கட்டை வைத்துக்கொண்டு அளவு பார்த்து வெட்டிக்கொண்டே இருந்தார். சோறும் முட்டையும் அவருக்கு அங்கேயே போயின.

"கையால தொட்டுப் பாருங்க, ரொம்பச் சூடாகுதான்னு," என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இளஞ்சூடு."

மத்தியானத்துக்கு மேல் பேட்டரிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வர ஆரம்பித்தது. காதை அருகில் கொண்டுபோனால், தூரத்தில் யாரோ கூட்டமாகக் கிசுகிசுப்பது போல. குமிழிகள். வீட்டில் அத்தனை நேரமும் ஓடிய மெஷின் சத்தத்துக்கு நடுவே அந்தக் கிசுகிசுப்பு வளர்ந்துகொண்டே வந்தது. இறந்துபோனது என்று எல்லோரும் முடிவு கட்டிய ஒன்று உள்ளுக்குள் தனக்குத்தானே பேசிப் பழகுகிறது என்று தோன்றியது.

தம்பி கூப்பிட்டான். அக்கா போனைக் கொண்டுவந்து மாஸ்டரின் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, "பேசிக்கிட்டு இருங்க, இதோ கஞ்சியை இறக்கிட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். மாஸ்டர் போனைப் பார்க்காமல் நாடாவை வெட்டிக்கொண்டே இருந்தார். போனிலிருந்து பட்டறைச் சத்தம், யாரோ சுத்தியலால் தட்டுவது.

"குமிழி வருதான்னு அக்காகிட்ட கேட்டதாச் சொல்லுங்க," என்றது போன், யாரிடம் என்று சொல்லாமல்.

மாஸ்டர், சார்ஜரைப் பார்க்க வந்து நின்ற மைக்செட்காரரைப் பார்த்தார். "வருதுன்னு சொல்லுங்க."

"வருது, வருது," என்றார் மைக்செட்காரர்.

குமிழி வருகிறதா என்று இன்னொரு முறை பார்க்கத்தான் மாஸ்டர் முன்னால் குனிந்தார். கொட்டகைக் கம்பியில், பேட்டரிக்கு ஒரு சாண் மேலே, காலையில் சிவப்பு வயரில் கட்டியதில் மிச்சமான நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை பிரிந்து நூல் நூலாக ஆடியது. இருபது வருஷமாகப் பிரிந்த முனையைப் பார்த்தால் மாஸ்டருக்கு மூளை வேலை செய்வதில்லை. கைதான் வேலை செய்யும். இடது கை நாடாவைப் பிடித்தது. வலது கை சட்டைப்பைக்குள் போனது. கட்டைவிரல் லைட்டரின் மேல் அமர்ந்தது.

டிக்.

காற்று வீசியதில் லைட்டர் பற்றவில்லை. இன்னொரு முறை விரல் அமர்ந்தது.

"மாமா!"

போன் ஸ்டூலின் மேல் துள்ளியது போலிருந்தது.

"மாமா, வேணாம்! கைய எடுங்க மாமா! தூரப் போடுங்க அத!"

மாஸ்டரின் கையிலிருந்து லைட்டர் நழுவி, முற்றத்துக் கல்லில் விழுந்து, துள்ளி, வாளிக்கடியில் போய்ச் சேர்ந்தது. அவர் இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே இருந்தார். அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். மைக்செட்காரர், வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு முறைகூட எதையும் சொல்லவில்லை.

"மாமா? இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன்," என்றார் மாஸ்டர் மெல்ல.

"அந்தக் குமிழியிலேருந்து வர்றது கேஸ் மாமா. கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும், பேட்டரி வெடிச்சு ஆசிட்டு மூஞ்சியிலயே அடிக்கும். இங்க ஒருத்தன் பீடி பத்த வெச்சு, புருவம் ரெண்டும் இல்லாம நிக்குறான். அவனப் பாத்தா எப்பவும் ஆச்சரியப்படுற மாதிரியே இருக்கும். நீங்க நாற்காலியத் தள்ளிப் போட்டு உக்காருங்க முதல்ல."

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளினார். அக்கா வாளியை நகர்த்தி லைட்டரை எடுத்து, தன் முன்கட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

"மாப்ள," என்றார் போனைப் பார்த்து.

"சொல்லுங்க மாமா."

"நான் லைட்டர எடுத்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அங்கேருந்து தெரியுமா?"

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? கோட்டு அளவு பாக்குறேன்னு என்ன நிக்க வெச்சு, ஒவ்வொரு நூலுக்கும் என் காதுக்குப் பக்கத்துல டிக் டிக்குன்னு அடிச்சீங்களே. கல்யாணத்தன்னிக்குக் கூட கனவுல கேட்டுச்சு."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "அந்தக் கோட்டு," என்றார். "அளவு சரியாத்தான் மாப்ள எடுத்தேன். நாடா பொய் சொல்லாது."

போனில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. தம்பி எதையோ மூடிவிட்டு ஓரமாக நடந்து போவது கேட்டது. குரல் தாழ்ந்தது.

"நாடா பொய் சொல்லல மாமா. அன்னிக்குப் பொண்ணோட அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

முதலில் சிரித்தவள் அக்கா. கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, முன்கட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மாஸ்டருக்குச் சரியாக வந்தது. மாவுக்கட்டுக் கால் ஸ்டூலிலிருந்து விழப்போக, சத்தம் கேட்டு வந்திருந்த வேன்காரர் பிடித்துக்கொண்டார். "உள்ள இழுத்துக்கிட்டு நின்னானாம், உள்ள இழுத்துக்கிட்டு நின்னானாம்," என்று மைக்செட்காரர் பழையபடி ஆகிவிட்டார்.

"மூச்சு விட்டிருந்தா ரெண்டு அங்குலம் சேத்து வெச்சிருப்பேனேடா!"

"மூச்சு விட்டிருந்தா பொண்ணு குடுத்திருக்க மாட்டாங்க மாமா!"

வானம் இருட்டிக்கொண்டு வந்து இரண்டு தூறல் விழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, கவ்விகளை எடுத்தார்கள். கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு மூடிகளை இறுக்கினாள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றியதற்கு நேர் எதிர். "சட்ட மாட்டுறதும் கழட்டுறதும் மாதிரிதான்," என்றார் மாஸ்டர் போனில் நேராக. கறுப்பு வயரின் திருகை அக்கா இறுக்கி முடித்ததும், நாங்கள் எல்லோரும் பின்வாங்கி நின்றோம். அவள் சாவியைத் திருகி, ஹார்ன் பட்டனை அழுத்தினாள்.

எதிர்ச்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் அனைத்தும் எழுந்து பறந்தன. மைக்செட்காரரே காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் தேர்வு மைதானத்துக்கு, உரிமம் உள்ளவர் ஒருவர் வேண்டுமென்று, மைக்செட்காரர் பின்சீட்டில் போனார். நடந்ததை அவர் வந்து சொன்னதால் எல்லாமே இரண்டு முறை நடந்ததாக எங்களுக்கு ஞாபகம். இன்ஸ்பெக்டர் தூக்கம் தெளியாத ஆள். "ஹார்ன்," என்றார். அக்கா அழுத்தினாள். அவருக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது. "சரிம்மா, போதும்மா. இடது. வலது. பிரேக்." மூன்றும் எரிந்தன. "எட்டு."

போன முறை அவள் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டித் தடுமாறினாள். இந்த முறை காலையில் கிளம்பும்போது மாஸ்டர் சொல்லியனுப்பியது ஒரே ஒரு வாக்கியம்: "தைக்கும்போது நீ ஊசியப் பாப்பியா?" ஊசியைப் பார்த்துக்கொண்டு தைத்தால் தையல் கோணும். துணியின் விளிம்பை, வரப்போகிற வளைவைத்தான் பார்க்க வேண்டும். அவள் தரையில் போட்டிருந்த எட்டின் சுண்ணாம்புக் கோட்டில் சட்டையின் கை வளைவைப் பார்த்தாள். அதை ஒருமுறை இந்தப் பக்கம் சுற்றி, மறுமுறை அந்தப் பக்கம் சுற்றி, நூலை அறுப்பது போல நிறுத்தினாள். கால் கீழே படவே இல்லை.

அன்று சாயங்காலமே மாஸ்டரைக் கால் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மாஸ்டர் பின்சீட்டில் காலைப் போடப் பார்த்தார். மாவுக்கட்டு மடங்கவில்லை. எந்தப் பக்கம் தூக்கினாலும் எங்கோ இடித்தது. கடைசியில் வேன்காரரும் மைக்செட்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து, அவரை ஒருக்களித்து, பக்கவாட்டில் உட்கார வைத்தார்கள். மாவுக்கட்டுக் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. மடியில் பள்ளிக்கூடத்துக்கான துணி மூட்டை. பிடிக்க இடம் தெரியாமல் அவருடைய கை காற்றில் தேடியது.

"என் தோளப் பிடிச்சுக்குங்க," என்றாள் அக்கா, திரும்பாமல். "மூட்டைய அணைச்சுக்குங்க. பழகிடும்."

தெருமுனை தாண்டி, கடைகள் தாண்டிப் போனார்கள். மழை நின்ற சாலை பளபளத்தது. முன்னால் தூரத்தில் பாலத்தின் கைப்பிடிச்சுவர் வெள்ளையாக, சின்னதாக எழுந்து, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அக்கா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள், அது வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்பதைப்போல.

பின்னாலிருந்து அவளுடைய தோளில் இருந்த கை இறுகியது.

"இந்தா. இங்க ஒரு மாடியில புறா வளக்குறாங்க!"

"அப்படியா?" என்றாள் அக்கா.

"பச்சைக் கம்பி போட்டிருக்கு. இருபது முப்பது இருக்கும். வெள்ளை வேற இருக்கு, பாத்தியா?"

"நான் ரோட்டப் பாக்கணும். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டரின் சட்டைப்பையில், லைட்டர் இருந்த இடத்தில் இப்போது இருந்த செல்போன், அடித்தது. மூட்டைக்கு மேலாகக் கையை விட்டு எடுத்தார். புறாக்கள் எழுந்து பாலத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றின. அவர் கழுத்தைத் திருப்பி, திருப்பி, அவை மறையும் வரை பார்த்தார்.

"அப்புறம் பேசுறேன் மாப்ள," என்றார். "புறா பாத்துக்கிட்டு இருக்கேன்."